எட்டே முக்காலுக்கு எழும்பும் அப்பா

கேள்வி: எனக்கு 44 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன், ஆசிரியை. அப்பாவுக்கு 71. ஹார்பரில் டாலி கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்தவர். மூன்று வருடத்துக்கு முன் அம்மா தவறிய பிறகு கொட்டாஞ்சேனை வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு எங்களோடு வந்து இருக்கிறார். தினமும் பின்னேரம் பஸ் ஏறி ஆமர் வீதிப் பக்கம் ஒரு பழைய பாருக்குப் போகிறார். முப்பது வருடமாகப் போகும் இடம். கூரை ஒழுகும், சுவர் ஊறிப்போன கட்டடம். ஒன்பதரைக்கு வருவார், சாப்பிட்டுப் படுப்பார். எங்களோடு பத்து வார்த்தை பேச மாட்டார்.

போன மாதம் அங்கே படியில் தடக்கி விழுந்துவிட்டார். நெற்றியில் காயத்தோடு ஒரு சிங்கள ஐயா ஓட்டோவில் கொண்டுவந்து விட்டார். நான் முன்பின் அறியாத அந்த மனிதர் என்னை வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "ஓ.எல்.லில கணிதத்துக்கு டி எடுத்த துவ நீங்கதானே" என்று கேட்டார் (டி அந்த நாளில் மிக உயர்ந்த சித்தி; துவ என்றால் சிங்களத்தில் மகள்). ஏழு வயதில் எனக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது வரை அவருக்குத் தெரிந்திருக்கிறது. அம்மாவின் கிரியை அன்று கனத்தை மயானத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுப் போன நாலைந்து பேரில் அவரும் ஒருவர் என்பது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அப்பா தினமும் எட்டே முக்காலுக்கு "அவ பாத்துக்கொண்டிருப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் எழும்புவாராம். அன்றைக்கும் அப்படித்தான் எழும்பினாராம். அம்மா இல்லாததை மறைத்து அங்கே பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாரா? அம்மா சாகும் வரை திட்டிய இடம் அது. கனடாவில் இருக்கும் தம்பி, பென்ஷன் காசை வாங்கி வை, போகவே விடாதே என்கிறான். கணவர், ஒரு போத்தலை வாங்கி வீட்டில் வைப்போம், கண் முன்னால் குடிக்கட்டும் என்கிறார். சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு அந்தக் கட்டடத்தை உடைக்கப்போகிறார்களாம். அதுவரை பொறுத்திருந்தால் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த நெற்றிக் காயம். டொக்டரிடம் காட்டினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. காட்டவில்லை என்றால் நாளைக்கே கூட்டிப் போங்கள். எழுபது தாண்டியவர், தினமும் குடிப்பவர், தலை அடிபட விழுந்தால் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் இரத்தம் மிக மெதுவாகக் கசிந்து சேரலாம். விழுந்த அன்று ஒன்றும் தெரியாது. சில கிழமை கழித்துத் தலையிடி, பகல் முழுக்கத் தூக்கம், நாக்குக் குழறல், நடையில் தள்ளாட்டம், இன்றைக்கு என்ன கிழமை என்பது மறந்துபோதல் என்று தலைகாட்டும். வயது போகிறது, குடிவெறி என்று வீட்டார் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். அஸ்பிரின் மாதிரி இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுபவர் என்றால் ஆபத்து இன்னும் கூட. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிளினிக் நாள் வரும் வரை இருக்க வேண்டாம். களுபோவிலவோ தேசிய வைத்தியசாலையோ, நேரே போங்கள்.

டொக்டரிடம் "கொஞ்சம் குடிப்பார்" என்று சொல்லாதீர்கள். அளவு சொல்லுங்கள். அளவு தெரியாவிட்டால் அப்பாவிடம் கோபமில்லாமல் கேளுங்கள். அந்தச் சிங்கள ஐயாவிடம் கேட்டால் இன்னும் சரியாகத் தெரியும். ஒரு கால் போத்தல் சாராயம் 180 மில்லி. அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 60 மில்லி, சுத்தமான மதுசாரம். சாதாரண லாகர் பியர் என்றால் சின்ன ரின் நான்குக்குக் கிட்ட. நாற்பது வயதில் அது செய்த வேலை வேறு, எழுபத்தொன்றில் செய்யும் வேலை வேறு. வயது ஏற ஏற உடம்பில் தண்ணீர் குறைகிறது; அதே கால் போத்தல் இரத்தத்தில் முன்னைவிடக் கடுமையாக ஏறும். சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுபவர் வெறும் வயிற்றில் குடித்தால் சீனி சட்டென்று இறங்கிவிடவும் கூடும். படியில் கால் தடக்கியதற்கு இதில் எது காரணம் என்பதை ஒரு டொக்டர்தான் பார்த்துச் சொல்லலாம்.

அடுத்தது, உங்கள் தம்பி சொல்வது. ஒரே நாளில் நிறுத்துவது நிறையப் பேருக்கு நல்லதாகவே முடியும். ஆனால் உடம்பு மதுவுக்குப் பழகிப்போனவருக்கு அது உயிராபத்து. கை நடுக்கமும் வியர்வையும் சில மணி நேரத்திலேயே தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கு அடுத்த நாட்களில் சித்தம் கலங்கி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். அப்படிப்பட்டவருக்கு ஆஸ்பத்திரியில் வைத்து, மருந்தும் விற்றமின் பி1-உம் கொடுத்துத்தான் நிறுத்துவார்கள். கனடாவில் இருந்து தொலைபேசியில் சொல்லி நிறுத்துகிற காரியம் இல்லை இது.

உங்கள் அப்பா எந்த வகை என்று பார்க்க நம் நாட்டில் மாதத்துக்கு ஒரு நாள் இருக்கிறது. போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை அன்று பார் பூட்டு. அடுத்த போயாவில் அவரைக் கவனியுங்கள். காலையில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கும் கை நடுங்குகிறதா? பின்னேரம் வியர்க்கிறதா, சிடுசிடுப்பா, இரவு தூக்கம் இல்லையா? முதல் நாளே வாங்கி எங்கேயாவது ஒளித்து வைத்திருக்கிறாரா? இதெல்லாம் இருந்தால் உடம்பு கேட்கிறது என்று அர்த்தம், டொக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். கை நடுங்காமல், ஐந்து மணிக்கு உடுப்பு மாற்றிவிட்டு, போக இடமில்லாமல் பல்கனியில் போய் நிற்கிறார் என்றால் அவர் தேடுவது வேறொன்று. இரண்டும் கலந்தும் இருக்கலாம். பெரும்பாலும் கலந்துதான் இருக்கும்.

அந்த வேறொன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் (அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்), "ஐயா, இந்த அறைக்குள்ள இருந்து கேட்டா உங்களுக்கு விளங்காது, ஒரு நாள் வந்து பாருங்கோ" என்று மருதானையில் தான் போகும் பாருக்குக் கூட்டிப் போனார். நான் சோடா குடித்தேன். உங்கள் அப்பாவின் இடம் மாதிரித்தான். சுவரில் மூன்று வருடத்துக்கு முந்திய கலண்டர். மேசைக் கால் ஆடாமல் இருக்கச் சிகரெட் பெட்டி மடித்து வைத்திருந்தது. அவர் உட்கார்ந்தபோது வெயிட்டர் ஒன்றும் கேட்கவில்லை. கிளாஸும், தேங்காய்ச்சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்த கடலையும் தானாக வந்தன. ஒரு கதிரையை மட்டும் யாரும் இழுக்கவில்லை. அதற்குரியவர் கண் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

அந்த மேசையில் இருந்தவர்கள், செட்டியார் தெரு நகைப் பட்டறை ஒன்றில் வேலை செய்து கண் மங்கிப்போன ஒருவர், புறக்கோட்டையில் மூட்டை தூக்கித் தோளில் காய் விழுந்த ஒரு நாட்டாமி, இ.போ.ச. பஸ் ஓட்டிய ஒரு சிங்களவர், அச்சகத்தில் புரூப் பார்த்த ஒருவர். ஆளுக்கொரு கதை. எல்லாரும் நூறு தரம் கேட்ட கதை. பட்டறைக்காரரின் கதை 83 ஜூலை. கடை எரிந்ததும், பின்பக்க மதிலால் குதித்ததும், யாருடைய வீட்டிலோ மூன்று நாள் இருந்ததும். ஒரு இடத்துக்கு வந்ததும் அவருக்குக் குரல் அடைத்துவிட்டது. கூட வேலை செய்த பொடியனைக் கடைசியாகப் பார்த்த இடம் அது. பக்கத்தில் இருந்த டிரைவர் கிளாஸைப் பார்த்தபடியே, தமிழில், அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார். "பிறகு நீ நடந்தாய்." அவ்வளவுதான். பட்டறைக்காரர் மூச்சை இழுத்துக்கொண்டு, "பிறகு நடந்தேன்" என்று தொடர்ந்தார்.

இந்த வேலையில் இருபது வருடம் இருக்கிறேன். எங்கே பேசாமல் இருக்க வேண்டும், எங்கே ஒரு வரி கொடுக்க வேண்டும் என்பதை இவ்வளவு சுத்தமாகச் செய்ய எனக்கு நிறைய நாள் எடுத்தது.

அதே மேசையின் ஓரத்தில் கண் மஞ்சளாகி, வயிறு ஊதிய ஒருவரும் இருந்தார். ஈரல் போய்விட்டது என்பது பார்த்த உடனே தெரிந்தது. அவருக்கும் ஊற்றினார்கள். அன்போடுதான் ஊற்றினார்கள். அதையும் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குப் பாதிக் கதை சொன்னவனாவேன்.

அதனால்தான் உங்கள் அப்பா போகும் இடத்தில் இரண்டு சாமான் இருக்கிறது என்கிறேன். ஒன்று கிளாஸில் இருப்பது. மற்றது மேசையைச் சுற்றி இருப்பது. முதலாவது குறைய வேண்டும், முடிந்தால் நிற்க வேண்டும். இரண்டாவது போகக் கூடாது. உங்கள் கணவர் நல்ல மனதோடு சொல்லும் யோசனையை இப்போது இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போத்தல் வீட்டுக்கு வரும், மேசை போய்விடும். கெட்டதை வைத்துக்கொண்டு நல்லதை வெட்டிவிடுகிற வேலை அது. அறைக்குள் தனியாக இருந்து குடிப்பவருக்கு எட்டே முக்காலும் இல்லை, "போதும் மச்சான்" என்று சொல்ல ஆளும் இல்லை. அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

இனி, "அவ பாத்துக்கொண்டிருப்பா".

நீங்கள் இதைப் பொய் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதே கடிதத்தில், அம்மாவின் கிரியை அன்று கனத்தை கேட்டில் நாலைந்து பேர் நின்றார்கள், அந்தச் சிங்கள ஐயாவும் அதில் ஒருவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவர்களுக்குத் தெரியும், சகோதரி. மூன்று வருடமாகத் தெரியும். தெரிந்துகொண்டு அந்த வார்த்தையைக் கேட்டு, "ஓ, நேரமாச்சு, போங்க" என்று அனுப்பி வைக்கிறார்கள். அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

உங்கள் அப்பா அந்தக் கதிரையில் முப்பது வருடமாக உட்கார்ந்தவர். எழும்புவதற்கு ஒரு காரணம் தேவைப்படாத குடிகாரர் இல்லை. இன்னும் ஒன்று ஊற்றும் கையை மறுக்க, கூட இருப்பவர்களின் முகம் கோணாமல் கிளம்ப, அவருக்கு அந்த ஒரு வார்த்தை உதவியிருக்கிறது. உங்கள் அம்மா திட்டிய திட்டுத்தான் அவரை எட்டே முக்காலுக்கு எழுப்பி வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அம்மா போன பிறகும் அவரை வீட்டுக்கு அனுப்புவது அம்மாதான். அதைப் பொய் என்று அவரிடம் திருத்தப் போகாதீர்கள். அந்த வார்த்தை போய்விட்டால் அவர் பத்து மணி வரை இருப்பார்.

இவ்வளவும் படித்துவிட்டு உங்களுக்கு என்மேல் கோபம் வரலாம். வரட்டும். "கணிதத்துக்கு டி எடுத்த துவ" என்ற வரியை நான் பல தரம் திருப்பித் திருப்பிப் படித்தேன். அந்தப் பெருமையை அப்பா ஒரு மேசைக்கே சொல்லியிருக்கிறார். உங்களிடம் ஒரு தரம் சொல்லியிருப்பாரா? நெருப்புக்காய்ச்சலில் நீங்கள் கிடந்தபோது அவர் பட்ட பயத்தை யார் யாரோ அறிவார்கள், நீங்கள் அறியவில்லை. அந்தப் பின்னேரங்கள் எல்லாம் உங்களுக்கும் அம்மாவுக்கும் உரியவையும்தான். அது போனது போனதுதான். உங்கள் பக்கம் நியாயம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம் நாட்டில் அந்தக் கதவு பெண்களுக்குத் திறந்ததே இல்லை. பெண்களுக்கு மது விற்பதைத் தடுக்கும் விதி 1979-இல் வந்தது. 2018 ஜனவரியில் அதை நீக்கினார்கள், சில நாட்களிலேயே திரும்பக் கொண்டுவந்தார்கள். குடிக்கும் உரிமையைப் பற்றிப் பேச நான் இதைச் சொல்லவில்லை. எங்கள் அப்பாமார் மனம் விட்டுப் பேசிய ஒரே அறைக்குள் மனைவிக்கும் மகளுக்கும் இடமில்லாமல் போனது. அவர்கள் வீட்டில் ஊமையாக இருந்தது உங்களில் ஏதோ குறை என்று நீங்கள் நினைத்துக்கொண்டு வளர்ந்திருந்தால், தயவுசெய்து அதை இப்போதே இறக்கி வையுங்கள்.

கட்டடம் உடைபட்டால் பிரச்சினை தீருமா என்று கேட்டீர்கள். தீராது. நான் சோடா குடித்த அந்த மருதானை பார், 2020 மார்ச் ஊரடங்கில் பூட்டியது, பிறகு திறக்கவே இல்லை. என்னைக் கூட்டிப் போனவர் சட்டம் தளர்ந்ததும் இரண்டு மூன்று நாள் போய்ப் பூட்டிய ஷட்டருக்கு முன்னால் நின்றுவிட்டு வந்திருக்கிறார். பட்டறைக்காரரும் வந்து நின்றிருக்கலாம், வேறு நேரத்தில். இருபத்தைந்து வருடம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள். ஒருவர் வீடு எந்த ஒழுங்கையில் என்று மற்றவருக்குத் தெரியாது, டெலிபோன் நம்பர் கிடையாது. தேவைப்படவும் இல்லை, நாளைக்குப் பின்னேரம் அங்கேதானே இருப்பார்கள். பட்டறைக்காரர் இறந்ததை இவர் பத்திரிகை மரண அறிவித்தலில் கண்டார், எல்லாம் முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு. அதற்குப் பிறகுதான் இவர் வீட்டில் தனியாகக் குடிக்கத் தொடங்கினார். அந்தக் கட்டம்தான் மிகவும் கஷ்டமாக இருந்தது.

அதனால் சித்திரைக்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உங்களுக்கு இருக்கிறது. ஒரு கொப்பியை எடுத்து, அந்த மேசையில் உள்ளவர்களின் பெயர், வீடு, டெலிபோன் நம்பர் எல்லாம் எழுதி வையுங்கள். அப்பாவிடம் கேட்டால் "ஏன்?" என்பார். "அண்டைக்கு நீங்க விழுந்தபோது எனக்குச் சொல்ல ஒருத்தரிடமும் நம்பர் இல்லையே அப்பா" என்று சொல்லுங்கள். அது உண்மையும்தான்.

பிறகு அந்தச் சிங்கள ஐயாவை ஒரு ஞாயிறு பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். அப்பாவைக் கொண்டுவந்து விட்டதற்கு நன்றி சொல்லத்தான், வேறு ஒன்றுக்கும் இல்லை. மேசையில் போத்தல் வேண்டாம், சோறும் மீன்குழம்பும் போதும். முதலில் இரண்டு பேருக்கும் கை எங்கே வைப்பது என்று தெரியாது. கிளாஸ் இல்லாமல் ஒருவரை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு தரம் சரிவராவிட்டால் இன்னொரு தரம் கூப்பிடுங்கள். காலிமுகத்திடலில் பின்னேரம் நடக்கலாம், உங்கள் வீட்டுக்குக் கீழே கடற்கரை இருக்கிறது. பஸ்ஸில் ஆமர் வீதி வரை போய் வருகிறவருக்கு அது தூரமில்லை. கிழமைக்கு இரண்டு பின்னேரம் அப்படிக் கழிந்தால், அந்த இரண்டு நாளும் கால் போத்தல் தானாகக் குறையும். முழுதாக நிறுத்தலாமா, படிப்படியாகக் குறைப்பதா என்பதை டொக்டர் சொன்ன பிறகு தீர்மானிக்கலாம்.

அந்த ஞாயிறு சாப்பாட்டு மேசையில் நீங்களும் உட்காருங்கள். குசினிக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருக்க வேண்டாம். அந்த ஐயாவிடம் கதை கேளுங்கள். அப்பா சொல்லாத இடங்களை அவர் சொல்வார். அப்பா இடையில் மறித்து, "அது அப்படி இல்லை" என்று திருத்தத் தொடங்குவார். திருத்தட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்.

பென்ஷன் காசை வாங்கி வைக்காதீர்கள். உழைத்த மனிதர், அவர் கையில் அது இருக்கட்டும். வீட்டுக்கு வரும்போது அவரிடம் இருந்து வரும் மணத்தைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால், "தாத்தா குடிக்கிறார், அது அவருக்குக் கூடாது, குறைக்கப் பார்க்கிறோம்" என்று நேராகச் சொல்லுங்கள். மருந்து மணம் என்று சொன்னால் அவர்களும் மறைக்கப் பழகுவார்கள்.

போயா அன்று நடுக்கமோ வியர்வையோ கண்டால், அல்லது அப்பா வாழ்வே வேண்டாம் என்பது போல் பேசினால், 1926-க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் அது. குடிப்பவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுர ஆலோசனை நிலையம் கொழும்பு ஹோர்ட்டன் பிளேஸில் இருக்கிறது. அப்பா வர மறுத்தாலும் நீங்கள் தனியாகப் போய்ப் பேசலாம்.

நாளைப் பின்னேரம் அவர் சப்பாத்துப் போடும்போது, எப்போதும் போல அறைக்குள் இருந்துவிடாமல் வாசலுக்கு வாருங்கள். நெற்றிக் காயத்தைப் பாருங்கள். வயிறு நிறைய ஏதாவது சாப்பிட்டாரா என்று கேளுங்கள். படி இறங்கும்போது, "நானும் பாத்துக்கொண்டிருப்பன் அப்பா" என்று சொல்லி விடுங்கள்.

போயா கழிந்ததும் எனக்கு எழுதுங்கள்.